குரல் மட்டும் தெரிந்த குரங்கு: லாருட் மலையில் அப்பாவுடன் ஒரு நாள்



2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதப் பள்ளி விடுமுறை. அப்பொழுது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். வட்டார வரலாறு தொடர்பான இடுபணி ஒன்றுக்காகத் தைப்பிங் நகரை ஒட்டியுள்ள லாருட் மலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. தனியாகப் போவானேன் என்று சுங்கை சிப்புட்டில் இருந்த அப்பாவையும் அழைத்தேன். அவருக்கு அப்போது 61 வயது. வாழ்நாளில் பாதிக்கு மேல் பால்மரம் வெட்டியவர்.

"காட்டைப் பார்க்கக் காசு குடுத்துப் போவாங்களா தம்பி?" என்று சிரித்தார். ஆயினும் மறுநாள் விடியற்காலையில் எனக்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

லாருட் மலையின் பழைய பெயர் மேக்ஸ்வெல் மலை. பேராக்கில் துணை ரெசிடெண்டாக இருந்த மேக்ஸ்வெல் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயர் அது. 1884இல் வெள்ளைக்கார அதிகாரிகளின் ஓய்விடமாகத் தொடங்கப்பெற்ற இம்மலைக்கு, 1979இல்தான் புக்கிட் லாருட் என்று பெயர் மாற்றினார்கள். தொடக்க காலத்தில் மேலே செல்ல மூன்று வழிகளே இருந்தன: நடை, குதிரை, பல்லக்கு. வண்டிப் பாதை போருக்குப் பின்னர் 1948இல் நிறைவடைந்தது. அதன் வளைவுகள் 72 என்பர். நான் எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் தலை சுற்றியதால் விட்டுவிட்டேன்!

நாங்கள் சென்ற ஆண்டில் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அரசாங்க ஜீப்பில்தான் ஏற வேண்டும். ஜீப்பில் ஏறி, நடந்தே இறங்குவது என்று திட்டமிட்டிருந்தோம்.

மேலே பனிமூட்டம். ஈரம் சொட்டும் மரங்கள். ஓய்வு இல்லத்தின் பூஞ்செடிகளில் கரிய தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த பறவை நூலைப் புரட்டினேன். கருந்தொண்டைத் தேன்சிட்டு. அதன் மலாயா வகைக்கு 'ரேயி' என்று அறிவியற்பெயர். 1883இல் தைப்பிங்கில் தோன்றிய பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த லியனார்ட் ரே, பேராக் மலைகளில் பறவைகளைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினார். அங்கிருந்த ஷார்ப் என்னும் அறிஞர் 1887இல் இப்பறவைக்கு ரேயின் பெயரைச் சூட்டினார். ரோடோடெண்ட்ரான் மரவகை ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு.

இதை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரு சாமானையெல்லாம் மேல தூக்கிட்டு வந்தது யாரு?" என்று கேட்டார். எந்த வரலாற்று விரிவுரையிலும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

இறங்கும் வழியில், ஏறத்தாழ நடுவில், 'தேயிலைத் தோட்ட இல்லம்' என்ற இடம் வருகிறது. முன்பு அங்குத் தேயிலை பயிரிட்டதன் அடையாளம் அப்பெயர் மட்டுமே. காடு அந்நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பேராக்கின் ரெசிடெண்டாக 1877 முதல் 1889 வரை இருந்தவர் ஹியூ லோ. பயிர்ச் சோதனைகளில் பெரும் ஆர்வம் கொண்டவர். மலையில் தேயிலை நிலைக்கவில்லை. ஆனால் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நிலைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகிழுந்துச் சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டதும் பள்ளத்தாக்குகளின் காடுகள் வீழ்ந்தன. வீழ்த்தியவர்களுள் கங்காணி அழைத்துவந்த என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது தொடர்ந்தது. இரப்பர் தாழ்நிலப் பயிர். அது ஏறாத உயரத்தில்தான் காடு தப்பியது. நாங்கள் நடந்துகொண்டிருந்தது அப்படித் தப்பிய காட்டில்.

அந்த நேரத்தில்தான் அந்தக் குரல் எழுந்தது.

முதலில் பெரிய தவளை கத்துவது போன்ற 'ஊம், ஊம்'. அதன் மேல் கூச்சலும் சிரிப்புமாய் இன்னொரு குரல். மலையே அதிர்ந்தது. அப்பா சட்டென்று நின்றார்.

"இது... பெரட்டு நேரத்துக் குரல்!"

பள்ளத்தின் எதிர்ப்புறம் உயர்ந்த மரமொன்றில் கரிய உருவம் இரண்டு. வாலில்லை, கைகள் மட்டும் நீளமாய் நீளமாய். அவற்றுள் ஒன்றின் தொண்டை பந்துபோல் உப்பியது. சியாமாங். கிப்பன் இனத்திலேயே பெரியது. சுமத்திராவிலும் இந்தத் தீபகற்பத்திலும் மட்டுமே வாழ்வது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே பாடும். தொண்டைப்பை ஒலியைப் பெருக்குவதால் குரல் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கேட்கும்.

அப்பா பிறந்து வளர்ந்த தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போக வேண்டும்; வெயில் ஏறினால் பால் விரைவில் நின்றுவிடும். ஒரு நிரையில் 400, 500 மரங்கள். சியாமாங் பாடுவதும் காலையில்தான். ஆகவே, பல்லாண்டுகள் அக்குரலைக் கேட்டுக்கொண்டே வெட்டியிருக்கிறார். ஒருமுறைகூட அந்தக் குரங்கைப் பார்த்ததில்லை.

"கொஞ்ச தூரம் உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே, அப்பா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கல்லில் அமர்ந்தார். கால்சட்டையை மடித்து, ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். பிறகு சொன்னார். 1948 சூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டம் உள்ளிட்ட இடங்களில், மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 சூலை வரை நீடித்தது. அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. பதினான்கு வயது வரை அவர் அறிந்தது முள்வேலி, ஊரடங்கு, அரிசிப் பங்கீடு. வேலைக்குச் சோறு கொண்டுபோகவும் அவர்கள் தோட்டத்தில் தடை இருந்ததாம். வேலிக்கு அப்பால் போனால் காட்டிலிருப்பவர்களுக்கு உணவு கொடுத்தாயா என்று ஒரு பக்கமும், காட்டிக்கொடுத்தாயா என்று மறுபக்கமும் கேட்பார்கள்.

"எங்கம்மா தினமும் சொல்லும், காட்டுப் பக்கம் திரும்பாதேன்னு. அது முடிஞ்ச பிறகும் திரும்பத் தோணல."

அவசரகாலத்தைப் பாடநூலில் ஒரு பக்கமாகப் படித்தவன் நான். 72 வளைவுகளின் பாதை நிறைவடைந்ததும் அதே 1948இல்தான் என்பது அந்தக் கல்லருகே நின்றபோதுதான் என் மனத்தில் உறைத்தது. இங்கே மலைக்கு வழி திறந்த ஆண்டில், மூன்று மணி நேரத் தொலைவுகூட இல்லாத அப்பாவின் தோட்டத்தில் வழி அடைபட்டிருக்கிறது. இடுபணியில் இதை எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று குறித்திருந்தார். நான் இன்றும் அப்படி நினைக்கவில்லை.

சியாமாங் இணை கால் மணி நேரம் பாடிவிட்டுக் கிளைகளில் ஊசலாடி மறைந்தது. அப்பா எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய இருவாச்சி ஒன்று சிறகுகள் இரைய மேலே பறந்து போனதை நான்தான் கவனித்தேன், அவர் திரும்பவில்லை.

மாலையில் திரும்பும் வழியில் கோலகங்சாரில் இறங்கினோம். 1877இல் நட்டவற்றுள் எஞ்சியதாகக் கூறப்படும் இரப்பர் மரம் அங்கே நிலஅலுவலகத்தின் அருகில் நிற்கிறது. அப்பாவின் தோட்டத்தில் அப்பொழுதே பால்மரம் ஒன்றுகூட இல்லை, முழுவதும் செம்பனை. லயன் வீடுகள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

அப்பா அம்மரத்தை அண்ணாந்து பார்த்தார். வெட்டுக்காரர்களுக்கே உரிய பார்வை. பட்டையில் தொடங்கி மேலே போயிற்று.

"நாங்க வெட்டின மரத்தையெல்லாம் முப்பது வருசத்துல சாய்ச்சிடுவாங்க தம்பி. இதை மட்டும் வயசாக விட்டிருக்காங்க."

பேருந்து வர இன்னும் நேரம் இருந்தது. எதிர்க்கடையில் தேநீர் குடித்தோம். குடிக்கும்போது, தொண்டையை உப்பிக் காட்டி, 'ஊம்' என்று ஒருமுறை கத்திக் காட்டினார். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.