படக் கண்ணாடியின் விலை

எண்ணெய் வண்ண ஓவியத்துக்குக் கண்ணாடி கட்டாயமில்லை. மேலே பூசிய வார்னிஷே தூசியையும் புகையையும் தாங்கும், அழுக்கேறினால் துடைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அச்சான படத்துக்கு அந்த வசதி கிடையாது. பேஸ்டல் ஓவியத்தின் பாடு இன்னும் மோசம். வண்ணப் பொடியைக் குச்சியாக்கித் தீட்டும் இந்த முறையில், பொடி காகித இழையைப் பற்றிக்கொண்டு நிற்பதோடு சரி. விரல் பட்டால் வரைந்த முகத்தின் கன்னம் கையோடு வந்துவிடும். வெனிஸ் நகரத்து ஓவியர் ரோசால்பா காரியேரா 1720-இல் பாரிஸுக்கு வந்து தங்கியபின், பேஸ்டல் உருவப்படம் அங்கே பெரிய மோகமாயிற்று. படத்தின் மேல் போடும் கண்ணாடிக்கும் கிராக்கி கூடியது.

அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடி கிடைப்பதே அரிது. கிரவுன் கண்ணாடி என்பதை ஊதிச் செய்தார்கள். குழலில் ஊதிய உருண்டையை இரும்புக் கம்பிக்கு மாற்றி, உலைவாயில் வைத்து வேகமாகச் சுழற்றினால், அது திடீரென விரிந்து நாலைந்து அடி அகலமுள்ள வட்டத் தகடாகும். நடுவில் கம்பி ஒட்டியிருந்த இடம் தடித்த குமிழாக நிற்கும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் சதுரம் வெட்ட வேண்டும். அதனால் துண்டுகள் சிறியவையாகவே வந்தன. ஆளுயரப் படத்துக்கு ஏற்ற தகடு வேண்டுமானால், உருக்கிய கண்ணாடியை மேசையில் வார்த்து, இரு பக்கமும் மணலால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பிரான்சில் பதினான்காம் லூயி 1665-இல் தொடங்கி வைத்த அரசு ஆதரவு நிறுவனம் அந்த நூற்றாண்டின் இறுதியில் இந்த வார்ப்பு முறையைக் கைக்கொண்டது. சேன் கோபேன் என்ற சிற்றூரில் ஆலை அமைந்ததால் ஊர்ப் பெயரே நிறுவனத்தின் பெயராகவும் நிலைத்தது.

அளவு விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஒரு படமே போதும். மோரிஸ் கான்தேன் த லா தூர் தீட்டிய நீதிபதி த ரியூவின் பேஸ்டல் உருவப்படம் 1741-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. உயரம் 2 மீட்டர், அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் மட்டுமே 50 லூயி பொற்காசு ஆனதாக அப்போது பேசிக்கொண்டார்கள். தன்னிடம் இவ்வளவு பெரிய கண்ணாடி வாங்கக் காசு இருக்கிறது என்பதையும் நீதிபதி ஊருக்குக் காட்டிக்கொண்டார் என்று சொல்வதில் தவறில்லை. படம் இப்போது லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் படக் கண்ணாடியைப் பரப்பியவர்கள் அச்சுப்பட வியாபாரிகள். ஹோகார்த் போன்றவர்களின் செதுக்கு அச்சுகள் நடுத்தர வீட்டுச் சுவருக்கு வந்தன. வெறும் தாளாக ஒரு விலை, சட்டமும் கண்ணாடியும் போட்டு ஒரு விலை என்று விற்றார்கள். ஆனால் 1746 முதல் அங்கே கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி விழுந்தது. தடித்த கண்ணாடி செய்தால் வரியும் கூடும். எனவே ஆலைக்காரர்கள் மெல்லிய தகட்டையே நாடினார்கள். கிரவுன் கண்ணாடி மெல்லியது, உலை நெருப்பிலேயே மெருகு ஏறியது. வரிச் சட்டத்துக்கு அது நன்றாக ஒத்துப்போயிற்று. தரம் குறைந்த துண்டுகளில் பச்சைச் சாயலும் குமிழும் இருந்தன. மணலிலுள்ள இரும்புதான் பச்சைக்குக் காரணம். ஜன்னலில் கண்ணுக்குப் படாத அந்த நிறம், வெள்ளைத் தாள் பின்னால் வந்தவுடன் பளிச்சென்று தெரியும். உடைந்த கண்ணாடிக்கு மாற்று வாங்குகிறவர் துண்டைத் தாளின் மேல் வைத்துப் பார்த்து எடுப்பதுதான் விவரம்.

இந்த வரியை 1845-இல் ராபர்ட் பீல் அரசு நீக்கியது. அதற்குள் பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக்கில் சான்ஸ் சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து உருளை முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். நீண்ட உருளையாக ஊதி, நெடுக்கில் கீறி, சூளையில் மறுபடி இளக்கினால் அது விரிந்து தட்டையாகும். கிரவுனைவிடப் பெரிய துண்டு. ஆனால் தரையில் பட்ட பக்கம் சற்று நெளியும். ஜேம்ஸ் சான்ஸ் ஈரத் தோலின் மேல் அந்த மெல்லிய தகட்டைப் படியவைத்துத் தேய்த்து மெருகேற்றும் வழியைக் கண்டுபிடித்தார். வார்ப்புத் தகடு வாங்க முடியாதவர்களுக்கு, சமதளமான கண்ணாடி நடுத்தர விலையில் கிடைத்தது.

வரி போனாலும் எடை போகவில்லை. ஒரு சதுர அடி எத்தனை அவுன்ஸ் என்பதே சரக்கின் பெயராயிற்று. 24 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். 16-லிருந்து 18 அவுன்ஸ் வரை இன்றைய 2 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். சுவரில் ஆணி தாங்க வேண்டுமே, படத்துக்கு மெல்லியதையே கேட்டார்கள்.

லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் எண்ணெய் ஓவியத்துக்கும் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. காரணம் நிலக்கரிப் புகை. 1850-இல் ஓவியங்களைப் பாதுகாப்பது பற்றி ஆராய்ந்த குழுவில் மைக்கேல் ஃபாரடேயும் இருந்தார். கண்ணாடி போட்ட பிறகு, படத்துக்குப் பதில் தம் முகமே தெரிகிறது என்று பார்வையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். அந்தக் கண்ணாடி வேறு வகையில் உதவியது. 1914 மார்ச் 10 அன்று, வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் வெலாஸ்குவெஸின் வீனஸ் ஓவியத்தைக் கத்தியால் வெட்ட வந்தபோது, முதல் வீச்சில் கண்ணாடிதான் நொறுங்கியது. சத்தம் கேட்ட காவலர் கூரைக் கண்ணாடி உடைந்ததென்று நினைத்து மேலே அண்ணாந்து பார்த்தாராம். இது ரிச்சர்ட்சனே பின்னால் சொன்னது. அதற்குள் மற்ற வெட்டுகள் ஓவியத்தில் விழுந்துவிட்டன.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தகட்டுக் கண்ணாடி ஏற்றுமதியில் பெல்ஜியம் முன்னே நின்றது; ஷார்லெருவா வட்டாரத்து உலைகள் உலகத்துக்கே அனுப்பின. செட்டிநாட்டு வீடுகளில் ‘பெல்ஜியம் கண்ணாடி’ என்று இன்றும் பெருமையாகச் சொல்வது அந்தக் காலத்துச் சரக்கின் நினைவு. தமிழ்நாட்டில் படத்துக்குக் கண்ணாடி போடுவது அதற்கு முன்பே இருந்தது. தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கையும் கற்களையும் காப்பாற்ற அது வேண்டியிருந்தது. ஆனால் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவை அச்சுப்படங்கள். ரவி வர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் தெற்கே வந்து சட்டமேறினார்கள். சிலர் அந்தத் தாளின் மேலேயே பட்டுத் துணியும் சரிகையும் ஒட்டி அம்மனுக்குப் புடவை உடுத்தினார்கள். அப்படிப்பட்ட படத்தில் கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. சட்டத்துக்குள் ஆழம் விட்டுக் கட்ட வேண்டும். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் வந்தன. ஆண்டு முடிந்ததும் தேதிக் கட்டைக் கிழித்துவிட்டு முருகனை மட்டும் பிரேம் போடக் கொடுப்பது ஊரெங்கும் வழக்கமாயிற்று.

பிரேம் கடையில் சட்டத்துக்கு அடிக்கணக்கு, கண்ணாடிக்குச் சதுர அடிக்கணக்கு. ஒன்பதரை அங்குலத்தை ஒன்பதரையாகவே கணக்கிட மாட்டார்கள். அடுத்த மூன்று அல்லது ஆறு அங்குலத்துக்கு ஏற்றிவிடுவதுண்டு, வெட்டிய மிச்சம் யாருக்கும் உதவாது என்பதால். சட்டத்தின் உள்பள்ளத்தை அளந்து, ஒரு நூல் குறைத்து வெட்டுவார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மழைக்காலத்தில் மரம் உப்பும்போது, இறுகப் பிடித்த கண்ணாடி தானாகவே விரிசல் விடும். வைரமுனைக்குப் பதில் எஃகுச் சக்கரத்தால் கீறும் கருவிக்கு அமெரிக்காவில் சாமுவேல் மான்ஸ் 1869-இல் காப்புரிமை பெற்றார். தெருமுனைக் கடையில் கிரீச்சென்று ஒரே கோடு இழுத்து விளிம்பில் தட்டி உடைக்கும் கருவி அதன் வழிவந்ததுதான்.

பூஜை அறைப் படத்துக்குக் கண்ணாடியே வழிபாட்டுத் தளம். சந்தனமும் குங்குமமும் வைப்பது அதன் மேல்தான். கற்பூரப் புகை படிவதும், வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைபடுவதும் அதுதான். சாமி படத்தின் கண்ணாடி விரிந்தால் வீட்டில் வைத்திருக்கத் தயங்குவார்கள். உடனே மாற்றுவார்கள், இல்லையேல் படத்தையே கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மாற்றும்போது யாரும் விலை உயர்ந்த வகையைத் தேடுவதில்லை. 2 அல்லது 3 மில்லிமீட்டர் பிளெயின் கண்ணாடி போதும், அதுவே சரியும்கூட.

தட்டையான கண்ணாடிக்குத் தனி விலை என்ற கணக்கை முடித்து வைத்தது ஃப்ளோட் முறை. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டால் இரு முகமும் தாமே சமதளமாகும். தேய்ப்பு வேலையே இல்லை. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் இதை அறிவித்தது. லூயி மன்னர் காலத்தில் தொடங்கிய அதே சேன் கோபேன் 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஃப்ளோட் ஆலை திறந்தது.

அதன்பின் காசு போனது கண்ணாடியைக் காணாமல் செய்வதற்கு. சாதாரணக் கண்ணாடி முகத்துக்கு 4 சதவீதமாக மொத்தம் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கேதரின் பிளாஜெட் 1938-இல் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள 44 படலங்களைக் கண்ணாடி மேல் ஏற்றி அந்தப் பிரதிபலிப்பை அடக்கிக் காட்டினார். ஆனால் விரல் பட்டாலே அது அழிந்தது. பின்னால் வந்த உலோக ஆக்ஸைடு பூச்சுகள் நிலைத்தன. புற ஊதாக் கதிரை 99 சதவீதம் வரை தடுப்பவையும் வந்தன. விலை பிளெயினைப் போலப் பல மடங்கு. மலிவான மாற்றாக வரும் மங்கலாக்கிய நான்-கிளேர் கண்ணாடி, படத்தோடு ஒட்டியிருந்தால்தான் ஒழுங்காகத் தெரியும். நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விட்டால் எழுத்தும் கோடும் கலங்கிவிடும்.

1930-களில் விற்பனைக்கு வந்த அக்ரிலிக் எளிதில் உடையாது, எடையும் பாதிதான். தபாலில் அனுப்பவும் பெரிய படத்துக்கும் பலர் அதையே எடுக்கிறார்கள். கீறல் எளிதில் விழும் என்பது ஒரு குறை. இன்னொன்று நிலைமின்சாரம்: துணியால் துடைத்ததும் அது பொடியை இழுக்கும். அதனால் பேஸ்டலுக்கும் கரிக்கோல் ஓவியத்துக்கும் சாதாரண அக்ரிலிக் ஆகாது. அங்கே இன்னும் கண்ணாடியே, அதுவும் தாளைத் தொடாத இடைவெளியோடு.