சிறுவீடும் சிறுவாடும்



மலருக்கு நம்ம ஊர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேணும் என்று கூட்டத்தில் பேசினபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கள்ளபிரான் கோயிலைப் பற்றி எழுதலாம் என்றார் ஒரு அக்கா. அணைக்கட்டு என்றார் இன்னொருவர். ஆதிச்சநல்லூர் தாழி என்றும் சொன்னார்கள். எல்லாமே நமக்குப் பெருமைதான். ஆனால் நான் பத்தாவது வரை படித்து, கல்யாணம் கட்டி, வீட்டோடு இருக்கிறவள். எனக்கு நல்லாத் தெரிந்த வரலாறு எங்க ஆச்சிதான். அதனால் ஆச்சியைப் பற்றி எழுதுகிறேன்.

ஆச்சி என் அப்பாவைப் பெற்றவள். நான் அத்தை மகனைக் கட்டியிருப்பதால் என் வீட்டுக்காரருக்கும் அவள்தான் ஆச்சி. ரெண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். இப்போது என் மகளும் மகனும் அவள் மடியில் ஏறி விளையாடுகிறார்கள். 85 வயசு இருக்கும். சரியான வருஷம் அவளுக்கே தெரியாது.

திருக்கோளூரில் இருந்து வந்தவள்

ஆச்சி பிறந்தது ஆற்றுக்குத் தென்கரையில் திருக்கோளூர். கல்யாணம் எப்போ ஆச்சு என்று கேட்டால், "அணா போயி நயா பைசா வந்த வருசம்" என்பாள். அது 1957. வில்வண்டியில் ஆற்றைத் தாண்டி வடகரைக்கு வந்தாளாம். கூடவே ஒரு வெண்கல உருளி, ரெண்டு பித்தளைக் குடம், ஒரு அஞ்சறைப் பெட்டி.

எங்களுக்குச் சோறு உருட்டிக் கொடுக்கும்போது அவள் ஒரு கதை சொல்வாள். ராமானுசர் திருக்கோளூருக்குள் நுழைகிறபோது ஒரு பெண்பிள்ளை ஊரை விட்டு வெளியே போனாளாம். எல்லாரும் வந்து சேர ஆசைப்படுகிற ஊரை விட்டு நீ ஏன் போகிறாய் என்று அவர் கேட்டாராம். அவள் பெரியவர்கள் 81 பேர் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லி, நான் இதில் எதைச் செய்தேன், நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்றாளாம். அவள் அறிவைப் பார்த்து ராமானுசர் அவள் வீட்டுக்கே போய், அவள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டாராம். அந்த 81 வாக்கியங்களைத் திருக்கோளூர் பெண்பிள்ளை ரகசியம் என்று வைணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

சின்ன வயதில் எனக்கு இது வெறும் கதை. இப்போது யோசித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. 81 பேரின் கதையை மனப்பாடமாகச் சொன்ன அவள் பேர் என்ன? யாரும் எழுதி வைக்கவில்லை. 'பெண்பிள்ளை', அவ்வளவுதான்.

நெல்லை எடுத்து வைத்த கை

நம்ம பக்கத்து சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல்லுமணி கிடைத்தது. ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்து கி.மு. 1155 என்று சொன்னார்கள். 2021-ல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். அதாவது 3,200 வருஷத்துக்கு முந்தின நெல். ஆதிச்சநல்லூரில் 2004-ல் தோண்டினபோது ஒரு பானை ஓட்டில் பெண், மான், கொக்கு, நெற்கதிர் எல்லாம் புடைப்பாகச் செய்திருந்தது கிடைத்தது.

பேப்பரில் இதைப் படித்து ஆச்சிக்குச் சொன்னேன். "செத்தவுகளுக்குப் பசிக்கக் கூடாதுன்னு எந்தப் பொம்பளையோ அள்ளி வச்சிருப்பா" என்றாள். அவளுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. 3,200 வருஷத்துக்கு முன்னாலும் யாரோ ஒருத்தி அடுப்பு மூட்டி, யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று கணக்கு வைத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

1873-ல் கட்டி முடித்த அணைக்கட்டு, தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. வடகாலும் தென்காலும் அதிலிருந்து பிரிந்து நம்ம வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து இடுப்பில் சுமந்தவள் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆச்சி விடியுமுன்னே நாலு நடை போவாளாம். அதுக்குப் பிறகு மாட்டுத் தொழுவம், ஆட்டுரல், அம்மி, அடுப்பு. பதினோரு பேர் சாப்பிடுகிற வீடு. உளுந்தங்களி கிண்டினால் கை ஓய்ந்துபோகும் என்பாள். ஆனால் எந்தப் பேத்தி பெரிய மனுஷி ஆனாலும் களி கிண்டுகிற கரண்டியை அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை.

சிறுவீடு

ஆச்சிக்கு வருஷத்தில் ரொம்பப் பிடித்த நாள் எது என்றால், தீபாவளி இல்லை, கோயில் திருவிழா இல்லை. சிறுவீட்டுப் பொங்கல்தான்.

நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்போ பிள்ளைகளுக்கு மறந்து வருவதால் எழுதி வைக்கிறேன். மார்கழி முழுக்க விடியக்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூ வைப்போம். சாயங்காலம் அதை எடுத்துத் தட்டிக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். தைப் பொங்கல் முடிந்து ஒரு நல்ல நாளில், சில ஊர்களில் தைப்பூசத்தன்று, வாசலில் பெண்பிள்ளைகளுக்கென்று களிமண்ணால் ஒரு சின்ன வீடு கட்டுவார்கள். அதன் முன்னால் சின்னப் பானையில் பொங்கல் வைத்துப் படைப்பார்கள். பிறகு சேர்த்து வைத்த வறட்டியில் சூடம் கொளுத்தி, பொங்கலும் பூவும் வைத்துத் தாமிரபரணியில் விடுவோம். வரிசையாக விளக்கு மிதந்து போகிற மாதிரி இருக்கும்.

வீடு கட்டுகிறபோது ஆச்சியைப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி எங்கே போகுமோ தெரியாது. "இது அடுப்படி. இது பட்டாசல். இங்க தொழுவம். இந்த ரூம்பு உனக்கு, இது உன் தங்கச்சிக்கு" என்று விரலால் சுவர் எழுப்பிக்கொண்டே சொல்வாள். பெரிய வீட்டில் எது எங்கே இருக்கணும் என்று அவளை யாரும் கேட்டது கிடையாது. சிறுவீட்டில் அவள் சொன்ன இடத்தில்தான் கதவு.

பத்து வயசில் ஒரு தடவை கேட்டேன், "ஏ ஆச்சி, ஒனக்கு வீடு இருக்கா?" என்று.

"இந்தா கட்டுதேன்லா" என்று சிரித்தாள்.

சிறுவாடு

சிறுவீடு எல்லாரும் பார்க்கக் கட்டினது. சிறுவாடு யாரும் பார்க்காமல் சேர்த்தது. ஆச்சி ஓலைப்பெட்டி முடைவாள், முட்டை விற்பாள், மோர் விற்பாள். அதில் மிஞ்சுகிற காசு உளுந்து டின்னுக்குள் போகும்.

அந்த டின்னுக்கு நான் கடன்பட்டவள். ஒன்பதாவது முடித்ததும் போதும் என்று வீட்டில் முடிவு பண்ணினார்கள். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் 340 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். யூனிஃபார்ம், நோட்டு எல்லாம் அதில்தான். தாத்தாவிடம், "திருக்கோளூர்ல எந் தம்பி குடுத்தான்" என்று சொல்லிவிட்டாள். பேத்தியைப் படிக்க வைக்கத் தான் உழைத்த காசை எடுக்கிறதுக்கு ஒரு பொய் தேவைப்பட்டது.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எத்தனையோ வீட்டில் சிறுவாடு அன்றைக்குத்தான் வெளியே வந்தது. ஆச்சி என்னைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டு ஒரு துணி மூட்டையைப் பிரித்தாள். பதினோரு 500 ரூபாய் நோட்டு. திருடினவள் மாதிரி கை நடுங்கினது. அவளுக்கு பேங்க் கணக்கு கிடையாது. என் கணக்கில் போட்டு நூறு நூறாக எடுத்துக் கொடுத்தேன். எப்படியோ தாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூணாம் நாள் காலையில் "கருப்பட்டிக் காப்பி போடு" என்றார். அதோடு சரியாப் போச்சு என்று ஆச்சி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை.

நோட்டுப் போட்டு எழுதினது

நான் பிறந்தது 1989. அந்த வருஷம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ரெண்டு காரியம் நடந்தது. தர்மபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாச்சு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. எங்க அம்மாவுக்குக் கல்யாணம் 1987-ல். ரெண்டு வருஷத்தில் தப்பிப் போச்சு. கல்யாணம் ஆன மகள்களுக்கும் பங்கு உண்டு என்று 2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தபோது, மாமாக்கள் எல்லாம் பிரித்து எழுதி முடித்துவிட்டார்கள்.

1997-ல் இருந்து மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவினது. அப்புறம்தான் அம்மா குழுவில் சேர்ந்தாள். எங்க திண்ணையில்தான் கூட்டம். ஆச்சி சுவரோரம் உட்கார்ந்து பெட்டி முடைந்துகொண்டே கேட்பாள். சந்தா எழுதுவதையும், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதையும், உள்கடன் கொடுப்பதையும் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்: "நாங்க ஒளிச்சு வச்சதை நீங்க நோட்டுப் போட்டு எழுதுதியளா?"

சகோதரிகளே, நம்ம இயக்கத்தைப் பற்றி எத்தனையோ பயிற்சியில் கேட்டிருக்கேன். அதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாம் புதுசாகச் சேமிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அது நம்ம ஆச்சிமார் உளுந்து டின்னில் செய்ததுதான். பயமில்லாமல், பேர் போட்டுச் செய்கிறோம். அதுதான் புதுசு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண்களை 'வேலை செய்யாதவர்' பக்கம்தான் சேர்க்கிறார்கள். ஆனால் 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளைக்கு சராசரி 299 நிமிடம் அதைச் செய்கிறார்கள் என்று வந்தது. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான் வீட்டு வேலை பார்க்கிறார்கள். அவர்களும் 97 நிமிடம்தான்.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பித்து, என் போனுக்கு 1,000 ரூபாய் வந்த செய்தியை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன்.

"எதுக்குக் குடுக்காக?"

"வீட்டு வேலை பாக்கோம்லா, அதுக்கு ஆச்சி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அது வேலைதானா?" என்றாள். 66 வருஷம் செய்த பிறகு கேட்கிறாள்.

வெள்ளமும் வண்டலும்

அதே வருஷம் டிசம்பர் 17, மார்கழி ஒன்றாம் தேதி. முதல் கோலம் போட வாசலுக்கு வரமுடியாத மழை. ஒரே நாளில் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., காயல்பட்டினத்தில் 95 செ.மீ. ராத்திரி ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் போன ரயில் நம்ம ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டில் மிஞ்சின அரிசியை எடுத்துச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டைச் சுற்றியும் தண்ணீர்தான். அப்படியும் அடுப்பு மூட்டினார்கள். நம்ம ஊர் வரலாற்றில் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சோற்றையும் எழுத வேண்டும்.

எங்க வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பீரோ, மிக்சி, கிரைண்டர், பிள்ளைகள் புத்தகம் எல்லாம் போச்சு. ஆச்சியை மொட்டை மாடியில் உட்கார வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்து இறங்கி வந்தபோது அம்மி மட்டும் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. அன்றைக்குத் துவையல் அதில்தான் அரைத்தோம்.

அந்தத் தையில் சிறுவீட்டுப் பொங்கல் வேண்டாம் என்றுதான் இருந்தோம். சேர்த்து வைக்க வறட்டி இல்லை, மனசும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஆறு விட்டுப்போன வண்டலை அள்ளி வாசலில் குவித்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் பார்க்கிறேன், ஆச்சி அந்தக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, என் மகளை வைத்துக்கொண்டு சுவர் எழுப்புகிறாள். "நல்ல மண்ணுட்டி. ஆறு கொண்டாந்து குடுத்திருக்கு" என்றாள். அந்த வருஷம் வறட்டிக்குப் பதிலாக வாழை மட்டையில் சூடம் வைத்து விட்டோம்.

வீடு கட்டி முடித்ததும் என் மகள் கோலப்பொடியால் வாசலில் ஆச்சி பேரை எழுதினாள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. "என்னத்த எழுதுதே?" என்று கேட்டாள். சொன்னோம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மிதிச்சிராதீக" என்றாள்.

எங்க வீட்டு வரி ரசீது இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது. என் பேரையும் சேர்க்கணும் என்று நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருக்கோம். இன்னும் முடியவில்லை. நீங்களும் உங்க வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

ஆச்சி சந்தோஷமாக வாழ்ந்தாளா என்று கேட்டால், ஆமாம், வாழ்ந்தாள். பேரப்பிள்ளைகள் தட்டு காலியாவதைப் பார்த்த சந்தோஷம், களி பதமாக வந்த சந்தோஷம், சிறுவீட்டுக்குக் கதவு வைத்த சந்தோஷம். அதெல்லாம் பொய் இல்லை. அந்தச் சந்தோஷம் என் மகளுக்கும் வேணும். ஒளித்து வைத்த உளுந்து டின் மட்டும் அவளுக்கு வேண்டாம்.

இந்தக் கட்டுரையை ஆச்சிக்கு வாசித்துக் காட்டி, பேர் போடட்டுமா என்று கேட்டேன். "பேரு எதுக்குட்டி? ஆச்சின்னு போடு. எல்லாருக்கும் ஒரு ஆச்சி இருப்பாள்லா" என்று சொல்லிவிட்டாள். அதனால் போடவில்லை. ஆனால் உங்க ஆச்சி இருந்தால், இன்றைக்கே உட்கார்ந்து பேசி, அவள் பேர், பிறந்த ஊர், அவள் கைப்பக்குவம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தீர்மான நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இதுவும் முடியும்.