புள்ளிக் கைமீன்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரை ஒட்டிய டெர்வென்ட் கழிமுகமே புள்ளிக் கைமீனின் முக்கிய வாழிடம். ஏறத்தாழ 12 செ.மீ. நீளம் வளரும் இம்மீனுக்குக் காற்றுப்பை இல்லை. கை போன்ற துடுப்புகளை ஊன்றிக் கடல்தரையில் நடக்கிறது. பிரான்சின் போதேன் கடற்பயணக் குழு கொண்டுசென்ற மாதிரியைப் பார்த்து இயற்கையியலாளர் லாசெபேத் 1804இல் இதை விவரித்தார். 1980களின் நடுப்பகுதிவரை கழிமுகத்தில் சாதாரணமாகத் தென்பட்ட மீன், 1996இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக இடம்பெற்றது.

இந்த வீழ்ச்சிக்கு மீனின் இயல்பையே காரணமாகக் காட்டுவோர் உண்டு. பல கடல்மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் பரவும். கைமீன் குஞ்சுகளோ முழு உருவத்தோடு பொரித்து, பிறந்த இடத்திலேயே தரையில் தங்கிவிடுகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழமையான புதைபடிவம் இத்தாலியின் மோன்டே போல்காவில் கிடைத்திருக்கிறது. இன்றோ அக்குடும்பம் ஆஸ்திரேலியாவின் தென்கடல்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அப்படியானால் இது தானாகவே தேய்ந்துவரும் இனம்தானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்த சுருக்கம், சில பத்தாண்டுகளில் நேர்ந்த சரிவை விளக்காது. ஓரிடத்தை விட்டு நகராத இயல்பு, அந்த இடம் கெடும்போதுதான் ஆபத்தாகிறது.

இடம் எப்படிக் கெட்டது என்பதற்குத் தடயங்கள் இருக்கின்றன. விசிறிச் சிப்பிக்காகத் தென்கிழக்கு டாஸ்மேனியக் கடல்தரையை இரும்பு வாரிகள் பல்லாண்டுகள் சுரண்டின. அத்தொழில் 1960களிலேயே நொடித்துவிட்டதே, பிறகும் மீன் ஏன் குறைந்தது? கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்த நீரோடு வந்ததாகக் கருதப்படும் வடபசிபிக் நட்சத்திர மீன், 1980களில் டெர்வென்ட்டில் பெருகியது. கைமீன் தன் முட்டைகளைச் சுற்றிவைக்கும் காம்புள்ள சிற்றுயிர்களை அது தின்கிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததாலேயே ஒன்றை மற்றதன் காரணம் என்றுவிட முடியாது. கழிமுகத்தில் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்திருந்தது. எனினும் முட்டையிடப் பற்றுக்கோல் இல்லாததே முக்கியக் குறை என்பதற்கு வலுவான சான்று, ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ மேற்கொண்ட முயற்சியில் கிடைத்தது: கடல்தரையில் நட்ட செயற்கைக் குச்சிகளில் பெண்மீன்கள் முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும்வரை பல வாரங்கள் காவலிருந்தன. இப்போது பீங்கான் குச்சிகள் அங்கே நடப்பட்டுவருகின்றன.