கருங்கல் நாட்டுப் பாடகர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தை அந்நாட்டார் 'கருங்கல் மாநிலம்' என்று பெருமையோடு அழைப்பதுண்டு. மண்ணைக் கீறினால் பாறை தட்டும் அந்தப் பூமியில், சௌஹீகன் ஆற்றங்கரையிலுள்ள மில்போர்டு என்ற சிற்றூரில், ஜெஸ்ஸி ஹட்சின்சன் என்னும் குடியானவரும் அவருடைய மனைவி மேரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பயிர்த்தொழில் செய்து பெருங்குடும்பம் நடத்தி வந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மக்கள் 16 பேர். மூவர் இளமையிலேயே மறைந்துவிட, 11 ஆண்களும் 2 பெண்களுமாக 13 பேர் வளர்ந்து ஆளானார்கள். அவர்களில் ஜட்ஸன், ஜான், ஏஸா என்னும் மூன்று சகோதரர்களும், எல்லோருக்கும் இளையவளான அபி என்னும் சகோதரியும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவே, 1840-களில் அமெரிக்காவின் வடமாநிலங்களைத் தன்வசமாக்கிக்கொண்ட ஹட்சின்சன் குடும்பப் பாடகர் குழு. ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு இன்பமாகப் பொழுதுபோக்க வந்த இடத்தில், அடிமைகளை விடுதலை செய்யுங்கள் என்று பாட்டாலேயே கேட்கத் துணிந்தவர்கள் அவர்கள். அந்தத் துணிவை எண்ணியே அவர்களுடைய சரித்திரத்தை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

அந்தப் பகுதியில் கூடிப் பாடுவது புதிய வழக்கமல்ல. குளிர்காலத்தில் வயல் வேலை ஓய்ந்திருக்கும் நாட்களில், ஊர்தோறும் சங்கீத உபாத்தியாயர் ஒருவர் வந்து தங்கி, தேவாலயத்தில் பாடுவதற்கு வேண்டிய கீதங்களை இளைஞருக்கும் யுவதிகளுக்கும் நான்கு குரல்களில் கற்பிக்கும் பாட்டுப் பள்ளிகள் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே நடைபெற்று வந்தன. லோவல் மேசன் என்ற சங்கீத ஆசிரியரின் முயற்சியால் 1838-இல் பாஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளிகளிலேயே சங்கீதம் ஒரு பாடமாக ஏற்கப்பட்டது. ஹட்சின்சன் வீட்டிலோ இசை இயற்கையாகவே அமைந்திருந்தது. தாய் நல்ல குரல் வாய்ந்தவர். தந்தை இளமையில் பிடில் வாசித்து, பின்பு பாப்டிஸ்ட் சமயப் பற்று முதிர்ந்தபோது அதைக் கைவிட்டவர். அந்தப் பற்று எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1817-இல் பிறந்த மகனுக்கு அவர்கள் அதோனிராம் ஜட்ஸன் என்று பெயரிட்டார்கள். அப்பெயர், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நமது சென்னைப் பட்டினத்தில் வந்திறங்கி, இங்கே தங்க இடம் கிடையாமையால் கப்பலேறி ரங்கூன் சென்று, பர்மாவிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட புகழ்பெற்ற பாப்டிஸ்ட் பாதிரியாரின் பெயர். கருங்கல் நாட்டு மூலையிலிருந்த ஒரு குடியானவர் வீட்டின் கவனம், கடல் கடந்த தேசங்களின்மீதும் அப்பொழுதே படிந்திருந்தது.

1839-ஆம் ஆண்டின் இறுதியில், ஆஸ்திரிய நாட்டுத் திரோல் மலைப் பிரதேசத்திலிருந்து ரெய்னர் குடும்பத்தார் என்ற பாடகர் குழு நியூயார்க்குக்கு வந்து, நான்கு ஆண்டு காலம் அமெரிக்க நகரங்களில் சுற்றிப் பாடியது. தங்கள் மலைநாட்டு உடையோடு மேடையேறி, எந்த நாடகப் பகட்டும் இல்லாமல், தம் ஊர்ப் பாட்டுக்களைக் குரலோடு குரல் இழைத்துப் பாடிய அவர்களைக் கேட்ட ஜான் ஹட்சின்சன், நம் வீட்டிலும் இத்தகைய குரல்கள் இருக்கின்றனவே என்று எண்ணியது இயற்கையே. வீட்டில் அனைவரும் சேர்ந்து ஊர்த் தேவாலயத்தில் ஏற்கெனவே பாடிக் காட்டியிருந்தனர். ஆயினும், குடும்பமாகக் கூடிப் பாடுவதையே ஒரு தொழிலாகக் கொள்ளலாம் என்ற எண்ணத்தை ஊட்டியவர்கள் அந்த மலைநாட்டாரே. 1842-ஆம் ஆண்டுக் கோடையில் நால்வரும் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டபோது, அபிக்கு 13 வயதுகூட நிறையவில்லை.

அவர்கள் பாடிய முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பலர் கூடிப் பாடினால் எல்லோரும் ஒரே ஸ்வரத்தைப் பற்றிக்கொண்டு போவதே வழக்கம். பஜனை கோஷ்டியாயினும், நடவு வயலில் குலவையிட்டுப் பாடும் பெண்களாயினும் அப்படித்தான். மேனாட்டார் முறையிலோ ஒருவர் மெட்டைப் பாட, ஏனையோர் அதற்கு மேலும் கீழும் வெவ்வேறு ஸ்தானங்களில் இசைந்து நின்று, நான்கு வெவ்வேறு ஓசைகள் ஒரே ஓசையாய்க் கனத்து ஒலிக்கும்படி செய்கிறார்கள். இதில் ஒருவர் குரல் சற்றே மிஞ்சினாலும் கட்டடம் சாய்ந்துவிடும். ஒரு வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் ஒரே விதமாகச் சொற்களை உச்சரித்து, ஒருவர் மூச்சு விடும் இடம் மற்றவருக்குச் சொல்லாமலே தெரியும்படி வளர்ந்தவர்களுக்கு இந்த அடக்கம் எளிதில் கைகூடுகிறது. ஜட்ஸனும் ஜானும் மேல் ஸ்தாயியிலும், ஏஸா அடித்தளமான தாழ்ந்த குரலிலும், அபி பெண் குரல்களில் தணிந்ததாகிய ஆல்டோவிலும் நின்று பாடும்போது, எந்தக் குரல் யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை என்று அக்காலத்துப் பத்திரிகைகள் மீண்டும் மீண்டும் வியந்தன. இரண்டு பிடில்களும் ஒரு பெரிய பாஸ் வயோலும் தவிரப் பக்கவாத்தியம் அதிகமில்லை. சொல் ஒவ்வொன்றும் கடைசி வரிசையிலிருந்தவருக்கும் தெளிவாக விழுந்தது என்பதும் அவர்கள் பெற்ற புகழில் ஒரு பகுதி. சாகித்யத்தின் பொருளையே ஆயுதமாகக் கொள்ளப்போகிற பாடகர்களுக்கு இதைவிட வேண்டிய சிறப்பு வேறென்ன?

புகழ் விரைவாக வந்தது. பாஸ்டனும் நியூயார்க்கும் வசப்பட்டன. 1844-இன் தொடக்கத்தில் வாஷிங்டன் சென்று, ஜனாதிபதி ஜான் டைலர் முன்னிலையில் வெள்ளை மாளிகையிலும் பாடினார்கள். 'பழைய கருங்கல் மாநிலம்' என்று அவர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட பாட்டில், சமய எழுச்சிக் கூட்டங்களில் வழங்கிய ஒரு கீதத்தின் மெட்டில், 13 உடன்பிறந்தாரின் பெயர்களும் வரிசையாக ஒலிக்கும். சபையோர் அந்தப் பெயர்களைத் தம் உறவினர் பெயர்களைப்போல் தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்கள் பாடிய இதர உருப்படிகளில், தீப்பற்றிய கப்பல், பித்துப் பிடித்தவனின் புலம்பல் என்பன போன்ற சோக நாடகப் பாட்டுக்கள் பல. அவை அக்காலத்து ருசிக்கு ஏற்றவை. அவற்றோடு நின்றிருந்தால், நூறு கச்சேரிக் குழுக்களில் ஒன்றாக அவர்களும் மறைந்திருப்பார்கள்.

அவர்களை வேறு திசையில் திருப்பியவர்களில் முதன்மையானவர், கான்கார்டு நகரில் 'விடுதலைத் தூதன்' என்ற அடிமை எதிர்ப்புப் பத்திரிகையை நடத்திய நாதானியல் பீபாடி ரோஜர்ஸ். இவ்வளவு நல்ல குரல்கள் இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பயன்பட வேண்டாமா என்று அவர் தம் பத்திரிகையிலேயே எழுதித் தூண்டினார். குடும்பத்தில் மூத்தவர்களில் ஒருவரும், பாட்டுக் கட்டுவதில் வல்லவரும், தந்தையின் பெயரையே தாங்கியவருமான ஜெஸ்ஸி, லின் நகரத்தில் குடியிருந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் 1841 முதல் அதே நகரத்தில் வசித்தார். அங்கே அவர்களுக்குள் ஏற்பட்ட நட்பின் பயனாக, 1843 ஜனவரியில் பாஸ்டன் பானியூல் மண்டபத்தில் கூடிய அடிமை எதிர்ப்புச் சங்கத்தாரின் மகாநாட்டில் ஹட்சின்சன் சகோதரர்கள் பிரசங்கங்களுக்கு இடையிடையே பாடினார்கள். வடமாநிலங்களில் அடிமைமுறை பெரும்பாலும் ஒழிந்திருந்தபோதிலும், அதை எதிர்ப்பவர்கள்மீது கல்லும் அழுகிய முட்டையும் வீசப்பட்ட காலம் அது. தெற்கத்திப் பருத்தியை நம்பி வாழ்ந்த ஆலைச் சொந்தக்காரர்களும், வியாபாரிகளும், அவர்களை அண்டியிருந்த பாதிரிமார் பலரும் இந்தப் பேச்சை எடுப்பதையே விரும்பவில்லை. சீட்டு விற்றுப் பிழைக்கும் கலைஞன் அந்த மேடையில் ஏறுவது, தன் வருவாயைத் தன் கையாலேயே வெட்டிக்கொள்வதாகும்.

1844-இல் ஜெஸ்ஸி இயற்றிய 'தண்டவாளத்தை விட்டு விலகுங்கள்' என்ற பாட்டு, அந்தக் குடும்பத்தின் சிகரம். பாஸ்டனிலிருந்து ரயில் வண்டிகள் ஓடத் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டே ஆகியிருந்த நாளில், விடுதலை என்னும் ரயில் புகை கக்கி விரைந்து வருகிறது, அரசியல்வாதிகளே, மதகுருமார்களே, வழியை விடுங்கள் என்று எச்சரிப்பது அதன் கருத்து. அச்சிட்ட பிரதியின் முகப்பில், 'உடனடி விமோசனம்' என்று எழுதிய ரயில் பெட்டியின் சித்திரமே இருந்தது. அவ்வாண்டு மே மாதம் பாஸ்டனில் கூடிய நியூ இங்கிலாந்து அடிமை எதிர்ப்பு மாநாட்டில் அதைக் கேட்ட ரோஜர்ஸ், தாம் கண்டதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். பல்லவியில் அந்த எச்சரிக்கைக் கூச்சல் வரும் இடத்தை நெருங்கியதும், அதுவரை ஒரே குரலாக இழைந்து பாடியவர்கள் ஒத்திசையை முற்றும் மறந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகவும், எல்லோரும் ஒருங்கேயும், தண்டவாளத்தில் நேரப்போகும் பெரு விபத்தைக் கண்டு பதறி அலறும் ஜனக் கும்பலைப்போலக் கத்தினார்கள். எந்த இசைவுக்காக ஜனங்கள் காசு கொடுத்தார்களோ, எந்த இசைவு அவர்களுக்குச் சோறு போட்டதோ, அந்த இசைவையே வேண்டிய தருணத்தில் அவர்கள் உடைத்தெறிந்தார்கள். அவர்களுடைய கலை முழுவதிலும் இந்த ஒரு கணத்தையே நான் தலைசிறந்ததாக மதிக்கிறேன்.

பாட்டின் மெட்டைப் பற்றியும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அது ஜெஸ்ஸியின் சொந்த மெட்டன்று. 'பழைய டான் டக்கர்' என்னும் பாட்டினுடையது. கரித்த தக்கையை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கி வெள்ளையர் ஆடிக் காட்டிய கேலிக் கூத்து மேடைகளில், 1843 முதல் நாடெங்கும் பரவியிருந்த மெட்டு அது. விடுதலைப் பாட்டுக்கு அந்த மெட்டா என்று முகம் சுளிப்பதற்கு இடமுண்டு. அதை எண்ணும்போது என் மனமும் சங்கடப்படுகிறது. ஆயினும், தெருவில் ஒவ்வொரு சிறுவனும் சீட்டியடித்துக்கொண்டிருந்த மெட்டில் இந்தச் சொற்களை ஏற்றியதனால், பிரசங்கம் கேட்க ஒருநாளும் வராதவன் வாயிலும் அவை தாமே வந்து ஏறின. இழிவுபடுத்துவதற்குப் பிறந்த மெட்டு, இழிவை எதிர்க்கும் சொல்லைச் சுமந்து நடந்தது. களங்கமும் பயனும் அந்தப் பாட்டில் ஒருங்கே கிடக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

1845 ஆகஸ்டில் ஜெஸ்ஸியும் நால்வரும் 'கேம்ப்ரியா' என்ற கப்பலில் பாஸ்டனிலிருந்து லிவர்பூலுக்குப் பயணமானார்கள். அதே கப்பலில் டக்ளஸும் சென்றார். தம் சரித்திரத்தை நூலாக வெளியிட்டுவிட்டபடியால், பழைய எஜமானன் பிடித்துக்கொண்டு போகக்கூடுமென்ற அச்சம் அவருக்கு இருந்தது. மேல் வகுப்பு அறை கறுப்பருக்குக் கிடையாது என்று மறுக்கப்பட்டு, அவர் கப்பலின் முன்பகுதியிலிருந்த மட்டமான இடத்தில் தங்க நேர்ந்தது. ஹட்சின்சன் குடும்பத்தார் அந்த இடத்துக்கே அடிக்கடி இறங்கி வந்து தமக்காகப் பாடியதை டக்ளஸ் பிற்காலத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். கரையை நெருங்கும் சமயத்தில், காப்டன் ஜட்கின்ஸின் அழைப்பின்பேரில் டக்ளஸ் மேல்தளத்தில் அடிமைமுறையைப் பற்றிப் பேச எழுந்தபோது, தென்மாநிலத்துப் பிரயாணிகள் சிலர் அவரைக் கடலில் எறிந்துவிடுவோம் என்று ஆர்ப்பரித்தார்கள். அடங்காவிட்டால் விலங்கு பூட்டுவேன் என்று காப்டன் அதட்டிய பிறகே ஓய்ந்தார்கள். சகோதரர்கள் பிரிட்டனில் ஏறத்தாழ ஓராண்டு பாடிவிட்டு 1846-இல் தாயகம் திரும்பினார்கள். மறு ஆண்டு பிலடெல்பியாவில், கறுப்பின மக்களைச் சபையில் அனுமதித்தால் மண்டபம் கிடையாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டபோது, கச்சேரியையே அவர்கள் கைவிட்டார்கள்.

பிறகு அந்த நால்வர் கட்டு தளர்ந்தது. 1849-இல் அபி மணம் புரிந்துகொண்டு மேடையை ஏறக்குறைய விட்டு விலகினாள். 1853-இல் ஜெஸ்ஸி காலமானார். 1855-இல் சகோதரர் மூவரும் மினசோட்டாப் பிரதேசத்துக்குச் சென்று, மதுவுக்கு இடமில்லை, பெண்களுக்கு ஆண்களோடு சம உரிமை உண்டு என்ற நியதிகளோடு ஓர் ஊரை நிறுவினார்கள். ஹட்சின்சன் என்ற பெயரோடு அந்த ஊர் இன்றும் இருக்கிறது. நெடுநாள் மனநோயால் துன்புற்ற ஜட்ஸன் 1859-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எஞ்சிய ஜானும் ஏஸாவும் தத்தம் மனைவி மக்களைச் சேர்த்துக்கொண்டு 'ஜான் கூட்டம்', 'ஏஸா கூட்டம்' என்று தனித்தனியே பாடத் தலைப்பட்டார்கள்.

உள்நாட்டுப் போர் மூண்டபின், 1862 ஜனவரியில், ஜான் கூட்டத்தார் வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த வடக்குப் படையினருக்குப் பாடச் சென்றார்கள். கவி விட்டியர் இயற்றிய, அடிமைமுறையே இந்தப் போரின் மூலமென்று பகரும் கீதம் ஒன்றை அங்கே பாடியபோது சலசலப்பு எழுந்தது. முகாம்களில் பாடுவதற்கு அவர்கள் பெற்றிருந்த அனுமதியைச் சேனாதிபதி மக்கிளல்லன் ரத்து செய்தார். நிதி மந்திரி சேஸ் அந்தப் பாட்டின் பிரதியை மந்திரிசபைக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்ட, இத்தகைய பாட்டையே வீரர்கள் கேட்க வேண்டும் என்று ஜனாதிபதி லிங்கன் விரும்பியதாக ஜான் எழுதியிருக்கிறார். பாட்டுக்குத் தடை விதிக்குமளவுக்கு ஒரு சேனாதிபதி அஞ்சினார் என்பதே அந்தப் பாட்டின் வலிமைக்குச் சான்று. 1867-இல் ஜான், தம் மக்கள் இருவரை அழைத்துக்கொண்டு, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கான்சாஸ் மாநிலத்து ஊர்களிலெல்லாம் பாடித் திரிந்தார்.

ஏஸா 1884-இலும் அபி 1892-இலும் மறைந்தார்கள். 1895 பிப்ரவரியில் டக்ளஸ் காலமானபோது, வாஷிங்டன் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில், 74 வயதான ஜான் எழுந்து பழைய நட்பைப் பற்றிப் பேசி, மூன்று குரல்கள் துணையில்லாமல் தனியே பாடினார். மறு ஆண்டு அவர் தம் குடும்பத்தின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்நூலுக்கு முன்னுரை எழுதித் தந்திருந்தவர் டக்ளஸ்.