மியூனிக் மாநகரும் மாற மறுத்த நிரல்களும்

வீடு மாறுவோர் பெட்டி படுக்கைகளை எளிதில் வண்டியேற்றிவிடுவர். பாட்டன் காலத்து அம்மிக்கல்தான் வாசற்படியோரம் நின்றுவிடும். அதைத் தூக்கவும் இயலாது. விட்டுச் செல்லவும் மனம் வாராது. கணினியின் இயங்குதளத்தை மாற்ற முற்படுவோரின் நிலையும் அத்தகையதே. கடிதம் எழுதவும் கணக்கிடவும் புதிய தளத்தில் கருவிகள் உண்டு. ஆனால், அன்றாட அலுவலுக்கு இன்றியமையாத ஏதேனும் ஒரு நிரல் மட்டும் பழைய தளத்தையன்றி வேறெதிலும் இயங்க மறுத்துவிடும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி இச்சிக்கலோடு பல்லாண்டு போராடிய வரலாறு அறியத்தக்கது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநகராட்சியின் ஏறத்தாழ 14,000 கணினிகள் 'விண்டோஸ் என்டி 4' என்னும் தளத்தில் இயங்கி வந்தன. அத்தளத்திற்கான ஆதரவு முடிவுக்கு வரவிருந்தது. புதிய விண்டோஸை வாங்குவதா, கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸுக்கு மாறுவதா என்னும் கேள்வி எழுந்தது. 2003 மார்ச்சில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், தம் விடுமுறையை இடைநிறுத்தி மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் சந்தித்தார். ஒரு நகராட்சியின் கொள்முதலுக்காக அத்துணைப் பெரியவர் வந்தாரெனில், விலைப்பட்டியலினும் பெரிய ஒன்று அங்கே பணயமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு மே 28-ஆம் நாள் மாநகர மன்றம் லினக்ஸையே தேர்ந்தது. சிக்கனம் கருதியே இம்முடிவு எடுக்கப்பட்டது என்பார் உளர். அஃது அரைகுறை உண்மையே. ஒரே நிறுவனத்தின் கால அட்டவணைக்குத் தங்கள் அலுவலகங்கள் கட்டுப்படலாகாது என்பதும் அவர்களின் எண்ணமாக இருந்தது.

தீர்மானம் எளிது, நிறைவேற்றமோ கடினம். ஒவ்வொரு துறையிலும் அதற்கேயுரிய தனி நிரல்கள் இருந்தன. அவற்றுள் பல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. ஒரு நிரல் தானாகக் கோப்பைத் திறப்பதில்லை. திரையில் சாளரத்தையும் வரைவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தை வேண்டி நிற்கிறது. அவ்வேண்டுகோளின் பெயரும் வடிவமும் தளத்துக்குத் தளம் வேறுபடும். ஒரு தளத்தின் மொழி மற்றதற்கு விளங்காது.

இதற்கு வழிகள் சில கையாளப்பட்டன. நிரலை உலாவியில் இயங்குமாறு மாற்றியமைப்பது ஒன்று. விண்டோஸ் இயங்கும் மையக் கணினியில் நிரலை ஓடவிட்டு, அதன் திரைக்காட்சியை மட்டும் அலுவலரின் மேசைக்கு அனுப்புவது மற்றொன்று. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளால் உருவாக்கி, அதில் பழைய தளத்தை நிறுவுவதும் உண்டு. ஆனால், பின்னைய இரண்டிலும் விண்டோஸுக்கு உரிமம் வேண்டும். விட்டு வந்த வீட்டிற்கும் வாடகை செலுத்துவது போன்றதே இது.

நான்காம் வழி 'வைன்'. 1993-இல் தொடங்கி, 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் என்பவரால் வழிநடத்தப்படும் இத்திட்டம், விண்டோஸே இல்லாமல் விண்டோஸின் மறுமொழிகளை லினக்ஸில் வழங்க முயல்கிறது. உரிமையாளர் வெளியிடாத வழக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தறிய வேண்டியிருந்தமையால், அதன் முதற்பதிப்பு நிறைவுபெற 2008 வரை, பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அப்போதும் எல்லா நிரல்களும் அதில் இயங்கிவிடவில்லை.

படிவங்களும் தொல்லை தந்தன. பழைய எழுதுமென்பொருளில் பொதிந்திருந்த குறுநிரல்கள் புதியதில் பயன்படவில்லை. அதற்கென மாநகராட்சியே 'வோல்மக்ஸ்' என்னும் கருவியை உருவாக்கிப் பின்னர் பிறருக்கும் இலவசமாக வழங்கியது. 2006-இல் 'லிமக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட தளம் மேசைகளை அடையத் தொடங்கியது. 2013 இறுதியில் மாற்றம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. எனினும், சில நிரல்களின் பொருட்டு ஒரு பகுதிக் கணினிகள் விண்டோஸிலேயே தங்கிவிட்டன. இருவகைத் தளங்களையும் பேண வேண்டிய சுமை அலுவலர்மேல் விழுந்தது.

2014-இல் மேயராகப் பொறுப்பேற்ற டீட்டர் ரைட்டர் காலத்தில் குறைகள் உரத்து ஒலித்தன. வெளியாரைக் கொண்டு நடத்திய ஆய்வோ, நிர்வாக அமைப்பிலும் குறைகள் உள்ளன எனச் சுட்டியது. பழியெல்லாம் லினக்ஸின் தலையில் ஏற்றப்பட்டதை நோக்க, இக்கூற்று போதிய கவனம் பெறவில்லை எனலாம். 2017 நவம்பரில் மன்றம் 2020-க்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்ப வாக்களித்தது. 2020-இல் அமைந்த பசுமைக் கட்சி, சமூக ஜனநாயகக் கட்சி ஆகியவற்றின் கூட்டணியோ, இயன்ற இடங்களில் கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை தருவதென்று தன் உடன்படிக்கையில் எழுதிக்கொண்டது.