முந்தி வந்த கோப்பு



2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வானொலி ஒன்றின் இணையப் பக்கத்தைத் தொண்டு வேலையாகக் கவனித்து வந்தேன். அந்த நாட்கள் எப்படியிருந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடுகளில் வானொலியும் கணனியும் இரவிலும் அணையாமல் கிடந்தன. எங்கள் பக்கத்தில் பலரும் தேடித் திறந்த பகுதிகளில் ஒன்று மரண அறிவித்தல்.

ஒரு மாலை ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மாமியின்ரை கிரியை எத்தனை மணிக்கு எண்டு பார்க்க வந்தனான். ஒண்டும் வாசிக்க ஏலாமல் கிடக்கு. எல்லாம் இங்கிலிஷ் எழுத்தாய்த் தெரியுது" என்றார். என் கணனியில் திறந்து பார்த்தேன். தமிழ் சரியாகவே தெரிந்தது. "இஞ்சை சரியாய்த்தான் இருக்கு அக்கா" என்று சொல்லி, அறிவித்தலைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினேன். அன்றிரவு அதே முறைப்பாட்டுடன் இன்னும் இருவர் அழைத்தார்கள். பிழை அவர்களுடைய கணனியில் இல்லை, என்னுடைய வேலையில்தான் என்று அப்போது விளங்கியது.

நடந்தது இதுதான். குடும்பத்தினர் அறிவித்தல்களைப் பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்புவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதை யூனிக்கோட் தமிழாக மாற்ற இரண்டு ஜாவாஸ்கிரிப்ற் கோப்புகள் வைத்திருந்தேன். ஒன்று, எந்த எழுத்துக்கு எந்த எழுத்து என்ற பெரிய அட்டவணை. மற்றது, அந்த அட்டவணையைப் பார்த்து மாற்றும் சிறிய நிரல். அட்டவணை முதலில் வரவேண்டும். அக்காவின் வீட்டில் சிறிய கோப்பு முந்தி வந்துவிட்டது. அட்டவணையைத் தேடியது, காணவில்லை, அப்படியே நின்றுவிட்டது.

இந்த வரிசைப் பிரச்சினைக்கு ஒரு வரலாறு உண்டு. நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 1995 மே மாதத்தில் 10 நாட்களில் ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அந்த மொழியில் எழுதிய நிரலை உலாவி எப்படி நடத்தியது என்பதை ஒரு வானொலி அறிவிப்பாளரைக் கொண்டு விளக்கலாம். அவர் தாளைப் பார்த்து மேலிருந்து கீழாக வாசிக்கிறார். இடையில் 'இந்த இசைத்தட்டைப் போடவும்' என்று இருந்தால், தட்டு வரும்வரை அடுத்த வரியை வாசிக்காமல் காத்திருக்கிறார். உலாவியும் நிரற்கோப்பு ஒன்றின் பெயரைக் கண்டவுடன் வாசிப்பை நிறுத்தி, அந்தக் கோப்பு வந்து ஓடி முடியும்வரை நின்றது. காரணம், அந்த நிரல் பக்கத்தின் நடுவிலேயே புதிய வரிகளை எழுதிவிட முடியும். அதைப் பார்க்காமல் மேற்கொண்டு வாசிப்பது ஆபத்து.

இதில் வரிசை குழம்பவில்லை. ஆனால் தொலைபேசிக் கம்பிவழி இணையம் வந்த காலத்தில், தலைப்பகுதியில் நாலைந்து கோப்புகள் இருந்தால் வெறும் வெள்ளைத் திரைதான் நெடுநேரம் தெரியும். 1997 டிசம்பரில் வெளியான எச்ரிஎம்எல் 4.0 இதற்கு 'டிஃபர்' என்ற சொல்லைத் தந்தது. நிரலைப் பிறகு ஓட்டலாம், வாசிப்பை நிறுத்தாதே என்பது அதன் பொருள். இன்ரநெற் எக்ஸ்புளோறர் அதை அப்போதே ஏற்றது. பயர்பொக்ஸ் 2009இல் வந்த 3.5 பதிப்பில்தான் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எல்லா உலாவிகளிலும் அதை நம்பியிருக்க முடியவில்லை.

2007இல், யாஹூ நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் சௌடர்ஸ் பக்கங்களை வேகமாக்கும் விதிகளை ஒரு நூலாக வெளியிட்டார். நிரல்களைப் பக்கத்தின் அடியில் வையுங்கள் என்பது அவற்றில் ஒன்று. நல்ல விதி. வரிசையும் கெடாது, வாசகருக்கு எழுத்தும் முதலில் தெரியும்.

நான் அதோடு நிற்கவில்லை. இன்னும் வேகம் வேண்டும் என்று, பக்கம் திறந்த பின் இரண்டு கோப்புகளையும் நிரல் மூலமாக ஒரே நேரத்தில் வரவழைத்தேன். அப்படி வரவழைத்த கோப்புகளை அன்றைய பயர்பொக்ஸ் நான் கேட்ட வரிசையிலேயே ஓட்டியது. இன்ரநெற் எக்ஸ்புளோறர் எது முதலில் வந்ததோ அதை முதலில் ஓட்டியது. நான் பாவித்தது பயர்பொக்ஸ். அந்த அக்காவும் எங்கள் நேயர்களில் பலரும் பாவித்தது மற்றது. வேகமான இணைப்பில் இரண்டு கோப்பும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததால் பலருக்குத் தப்பிவிட்டது. மெதுவான இணைப்பு உள்ளவர்கள்தான் அகப்பட்டார்கள்.

திருத்தம் மிகச் சிறியது. அட்டவணை வந்து ஓடி முடிந்தது என்ற செய்தி கிடைத்த பின்பே இரண்டாவது கோப்பை அழைக்கும்படி மாற்றினேன். அரைமணி நேர வேலை.

உலகமெங்கும் இதே தலையிடி இருந்தது. 2009இல் கைல் சிம்சன் வெளியிட்ட லாப்ஜேஎஸ் போன்ற கருவிகள் கோப்புகளை ஒன்றாக இறக்கி வரிசையாக ஓட்ட உதவின. 2010இல் பயர்பொக்ஸ் 3.6 உடன் 'ஏசிங்க்' என்ற சொல் அந்த உலாவிக்கு வந்தது. வந்தவுடன் ஓடு, வரிசை தேவையில்லை என்பது அதன் பொருள். 2015இல் ஜாவாஸ்கிரிப்ற் மொழிக்கே 'மொடியூல்' முறை சேர்க்கப்பட்டது. அதில் ஒவ்வொரு கோப்பும் தனக்கு எந்தக் கோப்பு வேண்டும் என்று தானே சொல்கிறது. உலாவி அதைப் பார்த்து வரிசையை அமைக்கிறது. 2018க்குள் முக்கிய உலாவிகள் எல்லாம் இதை ஏற்றுக்கொண்டன.

இந்தத் துறையில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீடுகளில் இருப்பார்கள். அவர்களுக்கு மூன்று விடயங்கள். ஒன்றையொன்று நம்பியிருக்கும் கோப்புகளுக்கு 'டிஃபர்' போடுங்கள், எழுதிய வரிசையிலேயே ஓடும். யாரையும் நம்பாத கோப்புக்கு மட்டும், உதாரணமாக வருகை எண்ணும் நிரலுக்கு, 'ஏசிங்க்' போடுங்கள். புதிதாகத் தொடங்குவதென்றால் 'மொடியூல்' முறையிலேயே தொடங்குங்கள். சிறிது நேரம் பொறுத்து ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று நிரலுக்குள் இரண்டு விநாடி தாமதம் வைப்பவர்கள் இன்றும் உண்டு. அது திருத்தமல்ல. உங்கள் வீட்டு இணைப்புக்கு இரண்டு விநாடி போதும். இன்னொருவர் வீட்டுக்குப் போதாது.

வரிசை முக்கியமென்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அதிர்ஷ்டத்திடம் விடக்கூடாது. நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். இப்போதும் ஒரு பக்கத்தைச் செய்து முடித்தால், உலாவியில் சேமித்திருப்பதை அழித்து, இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கி ஒருமுறை திறந்து பார்க்கிறேன். "இஞ்சை சரியாய்த்தான் இருக்கு அக்கா" என்று நான் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. கிரியைக்கு நேரம் பார்க்க வந்த ஒருவரிடம் சொல்லக்கூடிய பதிலா அது?