கரம் பலகை: வாசிகசாலையிலிருந்து சுற்றுப்போட்டி மேசை வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சனசமூக நிலையம் உள்ள ஊரில் பெரும்பாலும் ஒரு கரம் போட்டும் இருக்கும். ஒரு பக்கம் பத்திரிகை வாசிப்பவர்கள், மறுபக்கம் பலகையைச் சுற்றி நிற்கும் இளைஞர்கள். மைதானம் வேண்டாம், சப்பாத்து வேண்டாம், பதினொரு பேரும் வேண்டாம். அதனால்தான் இந்த விளையாட்டு எங்கள் ஊர்களில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது.

பாடசாலை மட்டக் கரம் போட்டிகளை அவ்வப்போது பார்க்கப் போகிறேன். ஊரில் எவராலும் வெல்ல முடியாத பிள்ளை வலய மட்டத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறுவதை ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். குறை அந்தப் பிள்ளையின் கையில் இல்லை. பழகிய பலகை ஒன்று, போட்டிக்குப் போடும் பலகை வேறொன்று. இந்த இடைவெளி எங்கே இருக்கிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எங்களுக்கு அந்நியமில்லாத ஆட்டம்

1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாடு வருடக்கணக்காக மின்சாரமின்றி இருந்தது. அந்த நாட்களில் பகல் வெளிச்சத்திலும், இரவில் மண்ணெண்ணெய் விளக்கிலும் கரம் ஆடியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மேசையில் ஆடும் விளையாட்டுகளில் இலங்கைக்குப் பெருமை தேடித் தந்த முதல் பெயர் எம். ஜே. எம். லாஃபிர். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் அவர் சம்பியனானார். ஆனால் பில்லியர்ட்ஸ் மேசைக்குக் கற்பலகையும் பெரிய மண்டபமும் வேண்டும். கோணம் பார்த்து அடிக்கும் அதே கணக்கைச் சாதாரண வீட்டு விறாந்தைக்குக் கொண்டு வந்தது கரம்தான்.

சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் உருவானது. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சம்பியனானார். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் பெற்ற காசிமா, சென்னையின் ஓட்டோ சாரதி ஒருவரின் மகள். பணக்கார விளையாட்டுச் சங்கங்களில் வளர்ந்தவர் அல்லர்.

பலகை, காய், ஸ்ரைக்கர்

சர்வதேச விதிப்படி ஆடுதளம் 73.5 முதல் 74 சென்ரிமீற்றர் வரையான சதுரம். ஒட்டுப்பலகையின் தடிப்பு குறைந்தது 8 மில்லிமீற்றர். குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என மொத்தம் 19 காய்கள். ஒரு காயின் நிறை 5 முதல் 5.5 கிராம்.

பெரும் வித்தியாசம் ஸ்ரைக்கரில்தான். அதன் நிறை 15 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 4.13 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. உலோகத்தில் செய்ததும் தந்தத்தில் செய்ததும் ஏற்கப்படாது. வாசிகசாலைகளில் இதைவிடப் பாரமான ஸ்ரைக்கர்கள் புழங்குகின்றன. பலகை மந்தமாக ஓடுவதால் பாரத்தைக் கூட்டி ஈடுசெய்கிறோம். அந்தப் பழக்கத்தோடு வேகமான பலகைக்குப் போனால், அதே விசையில் காய் குழியின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும், ஸ்ரைக்கர் குழிக்குள் விழும். ஸ்ரைக்கர் தனியே விழுந்தால் போட்ட காய் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும், முறையும் போய்விடும்.

பலகையின் வேகத்தை அறிய எளிய சோதனை ஒன்று விதியிலேயே உண்டு. 15 கிராம் ஸ்ரைக்கரை முழுப் பலத்தோடு அடித்தால், அது சட்டங்களில் பட்டுத் திரும்பித் திரும்பிப் பலகையை மூன்றரைத் தடவை கடக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பலகையில் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள்.

பராமரிப்பு

ஒட்டுப்பலகையின் முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மாரியில் திறந்த விறாந்தையில் கிடக்கும் பலகை ஈரத்தை உறிஞ்சி ஊதும், நடு வளையும். வளைந்த பலகையில் மெதுவாக விட்ட காய் தானே ஒரு பக்கம் சரியும். எனவே ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து, உறை போட்டு, ஈரச் சுவரில் முட்டாமல் நிமிர்த்தி வையுங்கள். மேலே பாரம் ஏற்றக் கூடாது. ஈரத்துணி, எண்ணெய் இரண்டும் கூடவே கூடாது.

முகப்பவுடரும் மாவும் சில நிமிடங்களுக்கு வழுக்கும். பிறகு ஈரத்தோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். கரத்துக்கென்று விற்கும் பவுடரையே சிறிதளவு தூவுங்கள். வழமையாகப் பாவிக்கும் போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதும், ஆடிய பின் கை கழுவுவதும் கட்டாயம். காய்களில் படியும் அழுக்கையும் உலர்ந்த துணியாலேயே துடைக்கலாம். விளிம்பு உடைந்த காயை மாற்றிவிடுங்கள்.

போட்டியில் கவனிக்க வேண்டியவை

வீடுகளில் காய்க்குக் காய் புள்ளி போட்டு ஆடுவதுண்டு. போட்டியில் கணக்கு வேறு. தொடங்குபவருக்கு வெள்ளை, எதிராளிக்குக் கறுப்பு. தன் காய்களை முதலில் முடித்தவருக்கு, பலகையில் மிஞ்சும் எதிராளியின் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. சிவப்புக் காயைப் போட்டு, தன் காய் ஒன்றால் அதை உறுதிப்படுத்தியிருந்தால் மேலும் 3 புள்ளி. ஆனால் 22 புள்ளியை எட்டிய பின் சிவப்புக்குப் புள்ளி கிடையாது. 25 புள்ளியை முதலில் எட்டியவர், அல்லது 8 ஆட்டங்கள் முடிவில் முன்னிலையில் இருப்பவர், அந்தச் சுற்றை வெல்வார். மூன்றில் இரண்டு சுற்று வென்றால் வெற்றி.

ஒரு அடிக்கு 15 விநாடிதான். ஊரில் நண்பர்களோடு கதைத்து யோசித்து ஆடிய பிள்ளைக்கு இந்த அவசரமே பாதித் தோல்வி. பயிற்சியின்போது ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கிட்டால் பழகிவிடும். நின்றுகொண்டு ஆடிய பழக்கத்தையும் விட வேண்டும்; போட்டியில் இருந்த இடத்திலேயே இருந்துதான் ஆட வேண்டும்.

யாருக்கு இந்தப் பலகை?

நான் கண்ட வாசிகசாலைகளில் பின்னேரத்துக்குப் பிறகு பலகையைச் சுற்றி ஆண்களே நிற்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பலகை மட்டுமே; அதுவும் போட்டிக்கு முந்திய சில வாரங்களுக்கு. தம்பிக்கு வருடம் முழுவதும் பயிற்சி, அக்காவுக்கு ஒரு மாதம் என்றால் திறமையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கிழமையில் இரண்டு பின்னேரங்களைப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவதற்கு நிர்வாகக் கூட்டத்தின் ஒரு தீர்மானம் போதும், பணம் தேவையில்லை.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் தீர்மானிக்கலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவி செய்ய விரும்புவோர் கட்டடமும் வளைவும் கட்டித் தருகிறார்கள். அவர்களிடம் விதிப்படியான ஒரு பலகையும், 15 கிராம் ஸ்ரைக்கர்கள் நான்கும், மேலே தொங்கவிட ஒரு மின்குமிழும் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளின் கை ஏற்கெனவே பழகிய கை. அது சரியான பலகையில் பழகினால் போதும்.